இருள் நடையும் தேவசகாயம் ஐயாவின் அடக்கமும்

மனிதனுக்கு வரக்கூடாத வியாதிகளில் முக்கியமானது, தான் குடியிருக்கும் ஊருக்கு வரலாறு உண்டு என்று நம்ப ஆரம்பிப்பது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் மாத்திரைக்கு அடங்கும். இது அடங்காது. எனக்கு இது வந்தபோது நான் நாவலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில், அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கும், என்னைவிடப் பல மடங்கு புத்திசாலியான ஷீபா என்ற மனைவி. (ஒருவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சும்மா இருந்திருக்கலாம்.)

வியாதி தொற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜார்ஜ் டவுனில். நகரத்தின் இருண்ட வரலாற்றைக் கால்நடையாகக் காட்டுகிறேன் என்று ஒருவர் கூட்டிப்போனார். தாடி, கதர் ஜிப்பா, தொண்டைக்குள்ளிருந்து வரும் குரல். ஒரு பழைய சுவரைத் தொட்டு, இதன் பின்னால்தான் அந்தக் கொலை நடந்தது என்றார். சுவரில் லாட்ஜ் விளம்பரம்தான் இருந்தது. ஆனாலும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். ஆபீஸில் நான் பேச ஆரம்பித்தால் எல்லோரும் மூடி வைத்திருக்கும் லேப்டாப்பைத் திறப்பார்கள். என்னை அப்படி யாரும் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்று ஷீபா பார்த்தாள். அதுவும், பின்னால் விசாரித்ததில், என் கோட்டில் சாம்பார் கொட்டியிருந்ததாம்.

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன். தென்சென்னைப் புறநகரின் இருண்ட வரலாற்றை இனி நான் காட்டப்போகிறேன்.

ஷீபா கணக்குத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “தாம்பரத்துல என்ன இருண்ட வரலாறு? கரண்ட் போனதா?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான்கு வாரம் அலைந்தேன். தாம்பரத்தில் பேய் இருந்தால் அதுவும் காலையில் பீச் டிரெயினைப் பிடித்து வேலைக்குப் போயிருக்கும். மார்க்கெட்டில் விசாரித்தேன், காய் வாங்கச் சொன்னார்கள். கடைசியில் பல்லாவரம் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு சாலையின் வளைவில் அது கிடைத்தது. ஓடு சரிந்த பழைய பங்களா. பச்சைப் பெயின்ட் உரிந்த ஜன்னல்கள் எல்லாமே சாத்தியிருந்தன. வாசலில் இடுப்பளவுக்கு எருக்கஞ்செடி. கேட்டில் துருப்பிடித்த சங்கிலி. பார்த்த உடனே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

எதிரே டீக்கடை. கடைக்காரரிடம் அந்த வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

“அந்த வூடா சார்? ராத்திரியான்னா வெள்ளையா ஒண்ணு வராண்டால நடந்துகினே கீது. கையில லைட்டு வச்சிகினு.”

ஒரு தகவலை இரண்டாவது ஆளிடம் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்பது வரலாற்று ஆய்வின் பாலபாடம். நான் இரண்டாவது டீ குடித்தேன்.

மீதியை நானே பார்த்துக்கொண்டேன். கண்டோன்மென்ட் என்பதால் வெள்ளைக்கார சார்ஜென்ட் ஒருவன். முன்கோபி. ஊரில் ஒருவரோடும் ஒத்துப்போகாதவன். கறி தீய்ந்துபோனதற்காகச் சமையல்காரனைச் சுட்டவன். கடைசியில் யாருமில்லாமல் அந்த வீட்டில் செத்து, இன்றைக்கும் விளக்கோடு நடமாடுகிறவன். குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, மீட்டிங்கில் மற்றவர்கள் பேசும்போது என்று எப்போதும் இதை மனப்பாடம் செய்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (ஷீபா ஒரு தடவை எழுப்பினாள், நிறுத்தச் சொல்லி.)

நடைக்கு ‘இருள் நடை’ என்று பெயர். வருகிறவர்கள் எல்லோருக்கும் கறுப்பு டி-ஷர்ட். முதுகில் வெள்ளை எழுத்தில் ஒரு வாசகம்: ‘இறந்தவர்களும் பேசுவார்கள்.’ நானே யோசித்தது. ஒரு கையடக்க ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கினேன். கதையின் உச்சத்தில், “எல்லோரும் ஒரு நிமிடம் கண்ணை மூடுங்கள்” என்று நான் சொன்னதும், கதவு கிறீச்சிடும் சத்தம், நாயின் ஊளை, ஒரு பெண்ணின் சிரிப்பு மூன்றும் வரிசையாக வரவேண்டும் என்று ஏற்பாடு.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் தாம்பரம் ஸ்டேஷனில் கூடினோம். பாதிப் பேர் என் ஆபீஸ். மீதி ஆபீஸுக்குப் பக்கத்து நாவலூர் அபார்ட்மென்ட் ஆட்கள், கூடவே ஷீபா. நடைப்பயணம் மின்சார ரயிலில் தொடங்குவது ஏன் என்று ஒருவர் கேட்டார். நான் காதில் வாங்கவில்லை. சித்திரை வெயிலில் கறுப்புச் சட்டையோடு, பிளாட்பாரத்தில் பொங்கலுக்கு வைத்த பானை மாதிரி நின்றோம்.

அந்தக் கூட்டத்தில் வெங்கட் என்று ஒருவர். மனைவியோடு வந்திருந்தார். வெளிநாட்டில் இந்த மாதிரி நடைகளுக்குப் போய்ப் பழகியவர். அங்கெல்லாம் நிஜ வீடுகளில் நடிகர்களை உட்காரவைத்து, பார்க்க வந்தவர்களையும் காட்சிக்குள் இழுத்துவிடுவார்களாம். நீங்களும் அந்த மாதிரி ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மர்மமாகச் சிரித்தேன். அவர் மகிழ்ந்துபோய், சவுண்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தச் சத்தங்களை வைத்திருந்த என் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பை நான் சிரித்திருக்கக் கூடாது.

பல்லாவரத்தில் இறங்கி நடந்தோம். போகிற வழியில் ஒரு பழைய கிணறு, ஒரு மொட்டைச் சுவர் என்று சில்லறைச் சோகங்களைக் காட்டிக்கொண்டே வந்தேன். பிறகு கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தி, இந்த வளைவுக்கு அப்புறம் யாரும் சத்தமாகப் பேச வேண்டாம் என்று எச்சரித்துவிட்டு முன்னால் நடந்தேன்.

வளைவு திரும்பினால், கேட் திறந்திருந்தது. எருக்கஞ்செடியை வெட்டி ஓரமாகப் போட்டிருந்தார்கள். வாசலில் ஷாமியானா. அதன் கீழே வரிசை வரிசையாகச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரும்பாலும் காலி. தாழ்வாரத்தில் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டி. அதற்குள் வெள்ளை ஜிப்பாவில், மூக்கில் பஞ்சோடு ஒரு பெரியவர்.

ஷாமியானாக்காரர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“இன்னா சார், இப்பத்தான் வந்துகினு கீறீங்களா? ஆளே வரலன்னு அந்தக்கா பேஜாராகி குந்திகினு கீது. உள்ள போங்க சார்.”

திரும்பி ஓடிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் வெங்கட்டும் அவர் மனைவியும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். வெங்கட் ஐஸ் பெட்டியின் மேல் குனிந்து, பெரியவரின் முகத்தை வலமும் இடமுமாக ஆராய்ந்துவிட்டு, என்னைப் பார்த்து ரகசியமாகக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அப்போது ஓர் அம்மா எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. எஸ்தர் அக்கா. இறந்துபோன தேவசகாயம் ஐயாவின் ஒரே மகள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எங்கள் சட்டைகளைப் பார்த்துவிட்டு, “வாலிபர் சங்கமாப்பா? பாஸ்டர் அனுப்பினாரா?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

“எங்கப்பாவுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு எங்க மாமா சொல்லிட்டே இருந்தாரு தம்பி. நீங்க இத்தன பேர் வந்துட்டீங்க.”

வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஷீபா, கூட்டத்தைப் பார்த்து, வகுப்பில் பேசுகிற குரலில், எல்லோரும் போய் உட்காருங்கள் என்றாள். எல்லோரும் போய் உட்கார்ந்தார்கள். இருள் நடை, இருள் இருக்கையானது.

உட்கார்ந்த பிறகுதான் விஷயம் மெதுவாகப் புரிந்தது. தேவசகாயம் ஐயா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு பின்பக்கத்துச் சந்து வழியாகப் போக்குவரத்தை வைத்துக்கொண்டு தனியாகவே வாழ்ந்திருக்கிறார். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம், சபை, பால்காரர் என்று அவர் சண்டை போடாத ஆள் கிடையாது. அதனால்தான் நாற்காலிகள் காலி. வந்திருந்த சொற்பச் சொந்தமும், அவர் செத்தது நிஜம்தானா என்று நேரில் உறுதிப்படுத்திக்கொள்ள வந்த மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தது. அவர்களுக்குத் தலைமை தாவீது மாமா, இறந்தவருடைய மச்சினர். அவர் எங்கள் முதுகுகளை மூக்குக்கண்ணாடி வழியாகப் படித்தார்.

“நல்ல வசனம். எந்த அதிகாரம் தம்பி?”

நான் ஷீபாவைப் பார்த்தேன். ஷீபா குனிந்து, சில மொழிபெயர்ப்புகளில் அந்த வசனம் வேறு மாதிரி வரும் மாமா என்று பணிவாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். (அவள் பொய் சொல்லி நான் பார்த்த ஒரே தருணம் அது. என்னை உலுக்கிவிட்டது.)

கொஞ்ச நேரத்தில் பாஸ்டரிடமிருந்து போன் வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் மாட்டிக்கொண்டாராம், குரோம்பேட்டையைத் தாண்டவே நேரமாகுமாம். எஸ்தர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை என் கழுத்தில் தொங்கிய மைக்கில் வந்து நின்றது.

அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார். எனக்கு அவரைத் தெரியாது என்றேன். பாஸ்டர் வரும்வரைக்கும்தான் என்றார். சொந்தக்காரர்களில் யாராவது பேசலாமே என்றேன். அவர் தாவீது மாமாவைப் பார்த்தார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எழுந்து ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஸ்பீக்கரையும் அங்கேயே வைத்தேன். அந்த நேரத்தில் என் தலைக்குள் இருந்தது ஒரே ஒரு பேச்சுதான். வாய் திறந்தது, அது வந்துவிட்டது.

“நண்பர்களே, இந்த வீட்டை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, உள்ளே எப்படிப்பட்ட மனிதர் வாழ்ந்தார் என்று தெரியாது.”

எஸ்தர் அக்கா விசும்பினார். எனக்குத் தைரியம் வந்தது. அடுத்த வரியும் தானாக வந்தது. அவர் முன்கோபி, ஊரில் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விட்டதில்லை என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஷீபா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் சொந்தக்காரர் வரிசையில் ஓர் அசைவு. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் மேலும் கீழும் ஆடின. பின்னால் யாரோ, “உண்மை” என்றார். யாரோ சிரித்தார். அழுத முகத்தோடு எஸ்தர் அக்காவும் சிரித்துவிட்டார்.

அதற்கடுத்த வரி சமையல்காரனைச் சுட்டது. “ஒரு நாள் கறி தீய்ந்துபோயிற்று என்பதற்காக...” என்று ஆரம்பித்துவிட்டு, தண்டவாளம் முடிந்துபோன ரயில் மாதிரி நின்றேன்.

“தட்ட வீசிட்டாரு,” என்று முடித்தார் தாவீது மாமா. “என் மேலதான். உங்களுக்கு யாரு சொன்னது?”

சபை கலகலத்தது. நான் கடைசிப் பகுதிக்குத் தாவினேன். இன்றைக்கும் இரவு நேரங்களில் இந்தத் தாழ்வாரத்தில் வெள்ளையாக ஓர் உருவம், கையில் விளக்கோடு நடப்பதை இந்தத் தெருவே பார்த்திருக்கிறது என்றேன். எஸ்தர் அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உடைந்து அழுதார். “அப்பாதான். கால் கொடச்சல்ல தூக்கம் வராது அவருக்கு. கரண்ட் பில் ஏறும்னு டார்ச்ச வச்சிட்டே நடப்பாரு,” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். தாவீது மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் ஆபீஸ் பெண்கள் அழுதார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக, நான் பேசப் பேச ஒருவர்கூட லேப்டாப்பைத் திறக்கவில்லை.

அந்தப் போதைதான் என்னைக் கவிழ்த்தது. அதோடு மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் நான் இன்றைக்கு மரியாதையான மனிதன். பேச்சை நன்றாக முடிக்க வேண்டும் என்று தோன்றியது. குரலைத் தாழ்த்தி, கையை விரித்தேன்.

“எல்லோரும் ஒரு நிமிடம் கண்ணை மூடுங்கள்.”

மூடினார்கள். வெங்கட் மட்டும் மூடவில்லை. பொறுப்பான மனிதர், கொடுத்த வேலையைச் செய்தார்.

ஐஸ் பெட்டியிலிருந்து கதவு கிறீச்சென்று திறந்தது. அதாவது, பக்கத்திலிருந்த ஸ்பீக்கரிலிருந்துதான். ஆனால் கண்ணை மூடியிருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? முன்வரிசையில் ஒரு கிழவி “இயேசுவே” என்று நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். நாய் ஊளையிட்டது. அதைக் கேட்டுத் தெருநாய்கள் எல்லாம் பதில் கொடுத்தன. ஷாமியானாக்காரர் கயிற்றை விட்டுவிட்டார், ஒரு மூலை சரிந்து இறங்கியது. நான் பாய்ந்து ஸ்பீக்கரின் கழுத்தை நெரித்தேன். எந்தப் பட்டனை அழுத்தினேனோ, சத்தம் இரண்டு மடங்காகி, அந்தப் பெண் பல்லாவரம் முழுக்கக் கேட்கும்படி நிதானமாகச் சிரித்து முடித்தாள்.

அவள் முடித்ததும் ஒருவர் மட்டும் கைதட்டும் ஓசை கேட்டது. வெங்கட் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். “எக்ஸலன்ட் சார். அந்த அம்மா நடிப்பு செம,” என்று எஸ்தர் அக்காவைக் காட்டினார்.

எஸ்தர் அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்கல்லாம் யாரு?”

சொன்னேன். ஜார்ஜ் டவுன், தாடிக்காரர், டீக்கடை, சார்ஜென்ட் என்று ஒன்று விடாமல் சொன்னேன். நல்லவேளையாக மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்ததால் தெருவுக்கே கேட்டது. சொல்லச் சொல்ல வெங்கட்டின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அவர் ஐஸ் பெட்டியைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். (பெட்டியைத் திறந்து, பெரியவரின் கையைக் கொஞ்சம் முன்னால்தான் கிள்ளிப் பார்த்திருக்கிறார்.) அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டார். அவர் மனைவி தண்ணீர் தெளித்தார்.

தாவீது மாமா எழுந்தார். சாவு வீட்டைச் சர்க்கஸ் ஆக்கியவர்கள் இந்த நிமிடமே வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் போலீஸுக்குச் சொல்வேன் என்றார். நான் மன்னிப்புக் கேட்கக்கூடத் தெரியாமல் மைக் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தேன். கறுப்புச் சட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்து செருப்பைத் தேடின.

“அவங்க இருக்கட்டும் மாமா,” என்றார் எஸ்தர் அக்கா.

“என்னம்மா பேசுற? உங்கப்பாவ பேயின்னு சொல்லிட்டுப் போறான்.”

“நீங்க எல்லாம் இத்தன வருஷமா அதுக்கு மேல சொல்லியிருக்கீங்க.” அக்கா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். “அப்பாவத் தூக்க ஆள் வேணும். நீங்க தூக்குவீங்களா? முதுகு வலின்னு காலையிலயே சொல்லிட்டீங்க.”

மாமா மறுபடி உட்கார்ந்துவிட்டார். பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். ஐயாவைச் சவப்பெட்டிக்கு மாற்றியதும், என் ஆபீஸ் டெஸ்டிங் டீமும் நாவலூர் அபார்ட்மென்ட்டும் முறை போட்டுத் தோள் கொடுத்தோம். முன் வலது மூலை வெங்கட். தெளிந்த பிறகு அவரே வந்து கேட்டு வாங்கிக்கொண்டார். கல்லறைத் தோட்டம் வரைக்கும் தோள் மாற்றவில்லை. தெருவில் வழிவிட்டவர்கள், கறுப்புச் சட்டைக்காரர்கள் இவ்வளவு பேரைப் பார்த்து, போனவர் யாரோ பெரிய ஆள் என்று ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். பாட்டு தெரியாதவர்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். மண் போடும்போது தாவீது மாமா என் தோளைத் தொட்டு, அந்தத் தட்டு விஷயத்தை நிஜமாகவே யார் சொன்னது என்று மறுபடி கேட்டார். இன்று வரை அவர் நம்பவில்லை.

அதன் பிறகு இருள் நடை நடக்கவில்லை. வெங்கட் மட்டும் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, இதுபோல் ஓர் அனுபவம் வெளிநாட்டிலும் கிடைக்காது, ஆனால் இருதய நோயாளிகள் தவிர்க்கவும் என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு, அடுத்த அடக்கம் எப்போது என்று கேட்டுச் சில பேர் போன் செய்தார்கள். எஸ்தர் அக்கா எங்கள் குடும்பத்தில் ஒருவராகிவிட்டார். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வந்து, என் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கதையை, நாயின் ஊளை உட்பட, நடித்துக் காட்டுவார். அதில் என் பாத்திரம் வருஷத்துக்கு வருஷம் முட்டாளாகிக்கொண்டே போகிறது.

விளைவு, எங்கள் குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவரைப் பார்க்க என்னைக் கூட்டிப்போகமாட்டார்கள். “ஜெபா வர்றானா? அப்ப டாக்டர் கைவிட்டுட்டாரா?” என்று நோயாளி பயந்துவிடுகிறாராம். கல்யாண வீட்டில் நான் தொண்டையைச் செருமினால் போதும், “யாருப்பா போய்ட்டா?” என்று நாலு பக்கமும் குரல் வரும்.

எங்கப்பா இதையெல்லாம் கேட்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். நான் போய்ச் சேரும்போது இவன் கையில் மைக்கைக் கொடுத்துவிடாதீர்கள் என்று விருந்தாளிகள் முன்னாலேயே அறிவிப்பார். போன கிறிஸ்துமஸன்று எல்லோரும் கேக் வெட்டப் போன நேரம், என்னைச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு என்னடா பேசுவ? ஒருதரம் சொல்லிக் காட்டு.”

பிரியாணித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரொம்பச் சீக்கிரம் முடிந்துவிட்டது என்றார். இன்னும் கொஞ்சம் சேர்க்கச் சொன்னார்.